தலைமையிடத்தை விட்டு வெளியேறாமல் படித்தவை

அந்த ஐப்பசியில் நான் பதினோரு புத்தகம் படித்தேன். அதற்கு முன்பும் சரி, பிறகும் சரி, ஒரே மாதத்தில் அவ்வளவு படித்ததில்லை. இதை இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால், வேலைக்குப் போகிறவளுக்கு அவ்வளவு நேரம் எப்படிக் கிடைத்தது என்று அடுத்து கேட்பார்கள்.

நான் மருந்தாளுநர். கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. எந்த ஊர் என்பது வேண்டாம். என் வீடு கீழே நாமக்கல் பக்கம். கணவர் அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். மகள் அப்போது நான்காம் வகுப்பு. மாமியார்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். நான் மலையில் ஒரு விவசாயியின் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து இறங்குவேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி வந்து நேராக வேலைக்குப் போவேன். நான்கு வருடம் இப்படி ஓடியது.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காய்ச்சல்காரக் கூட்டம் அதிகம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நான் மட்டும்தான். மலையில் சில ஊர் சேர்ந்தது ஒரு நாடு; அப்படித் திண்ணனூர் நாட்டிலிருந்து ஓர் அம்மா மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீட்டைப் பார்த்தேன், பின்னால் கைநீட்டிக் காய்ச்சல் சிரப் பாட்டில் ஒன்றை எடுத்தேன், எத்தனை வேளை, எத்தனை மில்லி என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த சீட்டை வாங்கினேன். அந்தப் பாட்டில் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அன்று மாலையே பாட்டிலின் பின்பக்கம் ஃபோட்டோவாகி மலை முழுக்க ஃபோனில் சுற்றியது. பையனின் அப்பா எடுத்தது. மறுநாள் கீழேயிருந்து அதிகாரிகள் வந்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், என்னிடம் எழுதி வாங்கினார்கள். நான்காம் நாள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. ஒரு பக்கம்தான். அதில் கடைசி வரி, பணிநீக்கக் காலத்தில் நான் முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்றது. தலைமையிடம் என்றால் மலை. நான் வேலை பார்க்கவும் கூடாது, மலையை விட்டு இறங்கவும் கூடாது.

கணவரிடம் ஃபோனில் சொன்னேன். பட்டறைச் சத்தத்திலிருந்து விலகி வெளியே வந்தார். பிறகு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பாப்பாவிடமும் வேண்டாம், மலையில் சிறப்பு முகாம், ஒரு மாதம் வர முடியாது என்று சொல்லிவிடுகிறேன் என்றார். சரி என்றேன். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் மகள் ஃபோனில், முகாமில் எத்தனை பேருக்கு ஊசி போட்டாய் என்று கேட்டபோதுதான், ஒரு மாதமும் தினம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று புரிந்தது. நாற்பது என்றேன்.

முதல் வாரம் எதையும் படிக்கவில்லை. ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்துக்குக் கீழே யார் யாரோ எழுதியதை வாசித்தேன். சிலர் என்னைத் தெரிந்தவர்கள். காலையில் ஒன்பது மணிக்குப் பழக்கத்தில் புடவை கட்டிவிடுவேன். கட்டிய பிறகு செய்ய ஒன்றும் இருக்காது. மழை ஆரம்பித்திருந்தது. பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். எதிரே மிளகுக்கொடி ஏறிய மரங்கள்கூடத் தெரியாது.

அந்த வாரத்தில் ஒருநாள் எங்கள் உதவியாளர் பெண் வந்தாள். மலைப்பெண், ஒப்பந்த வேலை, அலமாரியைத் துடைத்து மருந்துப் பெட்டிகளை அடுக்குவது அவள்தான். வாசலில் நின்றே அழுதாள். "மேடம், கீழ கெடந்த அட்டப்பெட்டிய மேல எடுத்து வெச்சது நாந்தானுங்க. பழசுன்னு எனக்குத் தெரியலீங்க."

எனக்கு அது முன்பே தெரியும். திருப்பி அனுப்ப வேண்டிய பாட்டில்களை நான்தான் பிரித்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மேசைக்கடியில் வைத்திருந்தேன். பெட்டியின் மேல் ஒன்றும் எழுதவில்லை. அவள் கூட்டும்போது எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அன்று நான் அவளிடம் "போ, அழாதே" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். அவள் குடையில்லாமல் மழையில் திரும்பிப் போனாள்.

இரண்டாவது சனிக்கிழமை மதியம் என்னை அறியாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டேன். அனுமதி கேட்டு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தேன், பதில் வரவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டருக்கு என்னை நன்றாகத் தெரியும். "என்னங்க மேடம், ரெண்டு வாரமா காணோம்" என்றார். விசாரிப்பாகத்தான் கேட்டார். ஆனால் பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரையோ பார்க்க வந்தேன் என்று ஏதோ உளறி இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்பும்வரை அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு அறுபத்தொன்பது வளைவு இருக்கிறது. அத்தனையும் மனதுக்குள் இறங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பப் பிடிக்கவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊர்ப்புற நூலகம். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. ஒரே அறை, சிமென்ட் ஓட்டுக் கூரை, நாலு அலமாரி, ஒரு நீள மேசை. நூலகர் எடப்பாடிப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற ஒரு வருடமோ என்னவோ இருந்தது. ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார். மூன்று புத்தகம் எடுக்கலாம் என்றார். வேலை என்ன என்று படிவத்தில் ஓர் இடம் இருந்தது. நான் தயங்கினேன். அவர் என் கையிலிருந்து வாங்கி 'அரசு ஊழியர்' என்று அவரே எழுதினார்.

முதலில் எடுத்தது ஒரு தடித்த குடும்ப நாவல். உப்பளத்து ஊரில் மூன்று தலைமுறை. நான்கு நாளில் முடித்தேன். அதில் ஒரு பெரியம்மா வருவாள். வீட்டில் என்ன நடந்தாலும் பழியை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விடுவாள். அவளைப் பார்த்து எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் வராத பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். படிக்கும்போது சமையல் ஞாபகம் இருக்காது. புத்தகத்தை மூடினால் அறை அப்படியே இருக்கும், அதே ஈரச் சுவர், அதே கொடியில் காயாத துணி. உடனே அடுத்ததைத் திறப்பேன். பசியில் சாப்பிடுவதுபோல என்று சொல்லமாட்டேன். தலைவலிக்கு மாத்திரை போடுவதுபோலத்தான் படித்தேன், நேரம் பார்த்து, ஒன்று தீருமுன் அடுத்ததை.

பிறகு துப்பறியும் கதைகள் நான்கு. ஒன்றில் கடைசிப் பத்துப் பக்கம் இல்லை. கொன்றது யார் என்று தெரியாமலே திருப்பிக் கொடுத்தேன். நூலகர், "தம்பிதாங்க. நான் முப்பது வருசம் முந்தியே படிச்சிட்டேன்" என்றார். ஒரு தேனீ வளர்ப்புப் புத்தகம். இல்லாத பெட்டிக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்க வேண்டும் என்றெல்லாம் படித்தேன். வீட்டை விட்டு வெளியே விடப்படாத ஒரு பெண்ணைப் பற்றிய நாவல் ஒன்று. பதினைந்து பக்கத்துக்கு மேல் முடியவில்லை, மறுநாளே கொண்டுபோய் வைத்தேன். நூலகர் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு பயணப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஓர் ஆற்றை அது பிறக்கும் இடத்திலிருந்து கடலில் சேரும்வரை கரையோடு நடந்தே போன ஒருவர் எழுதியது. இதைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புத்தகம்தான் எனக்கும் மகளுக்கும் பேச்சாக ஆனது. தினம் மாலை ஆறரைக்கு அவள் கூப்பிடுவாள். ஊசிக் கணக்கு சொல்ல முடியாமல், நடக்கிறவர் அன்று எந்த ஊரில் தங்கினார், யார் சோறு போட்டார்கள், எங்கே பாம்பைப் பார்த்தார் என்று சொல்ல ஆரம்பித்தேன். அது முடிந்ததும் வேறு புத்தகங்கள். துப்பறியும் கதையில் கொலையைத் திருட்டாக மாற்றினேன். அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒருநாள் கதை முடிந்தும் அவள் ஃபோனை வைக்கவில்லை.

"அம்மா, கேம்ப்ல வேலையே இல்லியா?"

"ஏங் கண்ணு?"

"தெனமும் புக்கு படிச்சிட்டே இருக்கியே."

மழையில் யாரும் முகாமுக்கு வருவதில்லை என்றேன். அவள் ம் என்றாள். மறுநாள் ஆறரைக்கு ஃபோன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். விளையாடப் போயிருக்கிறாள் என்றார் மாமியார். மழை நாளில் என்ன விளையாட்டு என்று நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவே குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருந்தது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும். எங்கள் செவிலியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஃபோன் செய்தார். அந்த ஒப்பந்தப் பெண் மாற்றி அடுக்கியதால் நடந்தது என்று எழுதிவிடு, அவளுக்கு இருப்பது தற்காலிக வேலைதானே, உனக்கு அப்படியா, இன்னும் இருபது வருடம் இருக்கிறது என்றார். அன்று மதியமே அப்படி எழுதினேன். நன்றாகவும் வந்தது. அதில் பொய் என்று எதுவும் இல்லை. அவள் பெட்டியை எடுத்து வைத்தாள் என்பது உண்மை. அன்று கூட்டம் அதிகம் என்பதும் உண்மை. மடித்து, படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் வைத்தேன். தபாலில் போடவில்லை. தினமும் புத்தகத்தைத் திறக்கும்போது அது கையில் வரும், எடுத்துப் பின்னால் செருகுவேன்.

வீட்டுக்கார அம்மாவிடம் அதுவரை நான் லீவில் இருப்பதாகத்தான் சொல்லியிருந்தேன். ஒருநாள் வேகவைத்த மரவள்ளியும், இங்கே அது குச்சிக்கிழங்கு, மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தார். "சாப்புடு கண்ணு. லீவுன்னா ஊட்டுக்குப் போய்ப் புள்ளயப் பாக்கோணுமில்ல" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கிழங்கின் நடுநாரை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "தெரியும் சாமி. எம் பேரன் ஃபோன்ல அன்னிக்கே காட்டுனான். நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். அவ்வளவு நாளும் காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தை நாள். நான் நூலகத்தில் பின் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தேன். நூலகர் டீ குடிக்கப் போயிருந்தார். குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து, பேப்பரை எடுத்து மேசையில் விரித்தார். ஃபோட்டோ எடுத்தவர், பையனின் அப்பா. அதிகாரிகள் விசாரிக்க வந்த அன்று பார்த்த முகம். வெளியே மழை வலுத்தது. அவர் உட்கார்ந்திருந்தது வாசலை ஒட்டி. அவரைத் தாண்டாமல் வெளியே போக முடியாது, போனாலும் அந்த மழையில் பத்தடி நடக்க முடியாது. அலமாரியில் எதையோ தேடுவதுபோல நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது?

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "மருந்துக்கார மேடம்தானுங்களே, உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லாருக்கறானுங்க. ஊட்ல ஒரு வேள குடுத்துட்டா. நான் காட்டுலருந்து வந்துதான் பாட்டலப் பாத்தேன். அப்பறம் குடுக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "ஃபோட்டோ எடுத்துப் போட்டது நாந்தானுங்க. உங்க வேலைக்கு இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க. அதுக்குன்னு போட்டுருக்கக் கூடாதுன்னும் நெனைக்கலீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எப்படித் தேதியைப் பார்க்கத் தோன்றியது என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"மேல வர்றது பாதி பழசுதானுங்க மேடம். பிஸ்கோத்து, வெத, பூச்சி மருந்து எல்லாமே. கீழ விக்காதத மலைக்கு ஏத்திருவாங்க. அதனால எத வாங்குனாலும் திருப்பிப் பாத்துத்தான் ஊட்டுக்குள்ள எடுக்கறது."

நான் கீழேயிருந்து வந்தவள். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆனாலும் எனக்கு உட்கார முடியவில்லை. அந்தப் பாட்டிலை நான் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதைப் படிக்கச் சொல்லித்தான் சம்பளம். அந்த ஒரு மாதத்தில் ஆயிரக்கணக்கான பக்கம் படித்துவிட்டேன், அன்று ஒரு மாதத்தையும் வருடத்தையும் படிக்கவில்லை.

"நான் பாக்கலீங்க" என்றேன். இதை யாரிடமும் அதுவரை சொல்லவில்லை, கணவரிடம்கூட. கூட்டம், பெட்டி, உதவியாள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

"ம்" என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்வாரோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பேப்பரைத் திருப்பினார். கூரையில் மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அந்த மேசையில் எதிரெதிரே இருந்தோம். நான் கையிலிருந்த புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை குறைந்தபோது எழுந்து, தன் மனைவி கதை படிப்பாள், ஒன்று எடுத்துப் போக வேண்டும், எது நன்றாக இருக்கும் என்று கேட்டார். நூலகர் இன்னும் வரவில்லை. ஆற்றோடு நடந்தவரின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டார். நூலகரிடம் சொல்லிவிடச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

மறுநாள் காலையில் புது விளக்கம் எழுதினேன். காலாவதியான பாட்டில்களைப் பிரித்து வைத்தது நான், பெட்டியில் குறிப்பு எழுதாதது நான், கொடுக்கும்போது தேதியைப் பார்க்காததும் நான் என்று ஆறு வரி. உதவியாளரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து படுத்தேன். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை, பயம்தான் வந்தது. இருபது வருடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமோ என்று மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. செவிலியர் ஃபோன் செய்து, உனக்குப் பைத்தியமா என்றார். அந்த நாட்களில் இரண்டு புத்தகம் படித்தேன். படித்தது தெரியும், நூலகச் சீட்டில் இருக்கிறது. என்ன கதை என்று கேட்டால் ஒரு வரி சொல்ல முடியாது.

கார்த்திகை பிறந்து சில நாளில் உத்தரவு வந்தது. பணிநீக்கம் ரத்து. ஓர் ஊதிய உயர்வு நிறுத்தம். வேறு இடத்துக்கு, முடிந்தால் கீழே எங்காவது, மாற்றுவார்கள் என்று நான் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். அதே நிலையம், அதே ஜன்னல் என்று போட்டிருந்தது. முதல் நாள் சீட்டோடு வந்த ஒவ்வொருவரும் பாட்டிலை வாங்கி என் கண்முன்னாலேயே திருப்பிப் பார்த்தார்கள். வயதான ஒருவர் எழுத்துத் தெரியாமல் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் ஜன்னலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். உதவியாளர் பெண் அன்று முழுக்க என் பக்கமே வரவில்லை. அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. டீ வந்தபோது அவளுக்கும் ஒன்று ஊற்றி நகர்த்தி வைத்தேன். எடுத்துக் குடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மாமியார் முகாம் எப்படி என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். கணவர் தடுக்கப் பார்த்தார். மகள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்கு என் பின்னால் வந்தாள்.

"அந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சும்மா?"

"ஒண்ணும் ஆகல கண்ணு. நல்லா இருக்கறான்."

"ஆகியிருந்தா?"

அடுப்பைச் சின்னதாக்கினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சீப்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, தலை சீவிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.